மயங்கி விழுந்தால்தான் சர்க்கரை பார்க்க வேண்டுமா? அவசர ஊர்திகளுக்கு நெறிமுறை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

அவசர ஊர்திகளின் சிகிச்சை நெறிமுறைகளையும் பணியாளர் பயிற்சியையும் வகுக்கும் பொறுப்பில் உள்ள அலுவலர்களுக்கு,

டயாபடிக் கீட்டோஅசிடோசிஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் கீட்டோ அமில நிலை, சர்க்கரை நோயாளியின் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் தேங்கி உயிருக்கே ஆபத்தாக முடிவது. அதை நோயாளியின் வீட்டு வாசலிலேயே இனங்கண்டு, ஊர்தி ஓடும்போதே முதற்கட்டச் சிகிச்சையைத் தொடங்க ஒரு தனி நெறிமுறை வேண்டும் என்று நான் மனு அனுப்பியிருந்தேன். அந்நிலை 'மயக்கம்' என்ற பிரிவிலேயே அடங்கும் என்றும், தனியே வகுக்க வேண்டிய தேவை எழவில்லை என்றும் பதில் வந்திருக்கிறது. இந்தப் பதிலை வாங்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. என் மகள் மயங்கவில்லை. ஊர்தி வந்தபோது அவள் கண் விழித்திருந்தாள், பெயரைக் கேட்டதற்குச் சரியாகச் சொன்னாள், தண்ணீர் கேட்டாள். அவள் மயங்காமல் இருந்ததாலேயே அவளுக்குச் சர்க்கரை பார்க்கப்படவில்லை. அன்று ஊர்திக்குள் நிகழ்ந்த தவறும் இன்று உங்கள் பதிலில் உள்ள தவறும் ஒன்றே என்பதால் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

நான் மருத்துவர் அல்ல. அரசுப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். இங்கே நான் எழுதும் மருத்துவச் செய்திகள், மகளைக் காப்பாற்றிய தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களிடம் கேட்டும் பிறகு தேடிப் படித்தும் அறிந்தவை. உங்களிடம் பணியாற்றும் மருத்துவர்கள் எவருக்கும் இவற்றில் ஒன்றுகூடப் புதிதாக இருக்காது. அவர்களுக்குத் தெரிந்தது ஊர்தியில் வருபவரின் கைக்கு ஏன் வந்து சேரவில்லை என்பதே என் கேள்வி.

அவளுக்கு அப்போது பதினோரு வயது. சில வாரங்களாகவே குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், இரவில் திரும்பத் திரும்பச் சிறுநீர் கழிக்க எழுந்தாள், பள்ளிச் சீருடை இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்தாள். கோடை வெயில்தான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். பிறகு வயிற்று வலியும் வாந்தியும் தொடங்கின. பக்கத்துக் கிளினிக்கில் வாந்தி நிற்க ஊசி போட்டு அனுப்பினார்கள். மறுநாள் விடியும்போது மூச்சு மாறியிருந்தது. ஓடி வந்து நின்றவர் இரைப்பது போன்ற மூச்சு அல்ல அது. ஒவ்வொரு மூச்சும் ஆழமாக, வேகமாக, சற்றும் ஓயாமல் வந்தது. ஊர்தியை அழைத்தோம். தாமதம் எதுவுமின்றி வந்தார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

மருத்துவ உதவியாளர் இளைஞர், பொறுமையானவர். "பாப்பாவுக்கு வீசிங் இருக்காம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். விரலில் ஆக்சிஜன் அளவுமானியை மாட்டினார்; 99 சதவீதம் காட்டியது. மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். இரைச்சல் எதுவும் இல்லை என்று அவரே சொன்னார். நுரையீரலில் கோளாறு இல்லை, ஆக்சிஜன் குறையவில்லை, ஆனாலும் குழந்தை இப்படி மூச்சு வாங்குகிறாள் என்றால் அடுத்து எங்கே தேட வேண்டும் என்பதை அவருக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. தொலைபேசியில் மருத்துவரை அழைத்து, "மூச்சுத்திணறல், வாந்தி, நினைவு இருக்கு சார்" என்று விவரம் சொன்னார். சர்க்கரை எவ்வளவு என்ற கேள்வி மறுமுனையிலிருந்தும் வரவில்லை. குளுக்கோமீட்டர் அதே வண்டியில், அவர் கைக்கெட்டும் பெட்டியில்தான் இருந்தது. ஆக்சிஜன் முகமூடியை மாட்டி, அருகிலிருந்த மருத்துவமனையில் எங்களைச் சேர்த்தார்கள். அங்கே நெபுலைசர் வைத்தார்கள். வாந்தியால் சோர்ந்திருக்கிறாள் என்று குளுக்கோஸ் கலந்த சலைன் ஏற்றினார்கள். வெகுநேரம் கழித்து, பணிமாற்றத்துக்கு வந்த ஒரு செவிலியர் குழந்தையின் வாயருகே குனிந்தவர், அழுகிய பழத்தின் வாடை அடிப்பதை உணர்ந்து விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார். கருவி எண் எதையும் காட்டவில்லை, 'எச்.ஐ.' என்ற இரண்டு எழுத்துகளே வந்தன. அந்தக் கருவி அளக்கக்கூடிய 600 என்ற எல்லையையும் தாண்டிவிட்டது என்று அதற்குப் பொருள். இன்னோர் ஊர்தி, இன்னொரு நெடும்பயணம், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே எடுத்த முதல் இரத்தப் பரிசோதனையில், அமிலம் கூடக் கூடக் குறையும் பி.எச். அளவு 6.98. இயல்பாக அது 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் இருக்க வேண்டும். 7.0-க்குக் கீழே இறங்கிய பிள்ளைகளைக் கண்டு தீவிர சிகிச்சை மருத்துவர்களே கவலைப்படுவார்கள். என் மகள் பிழைத்தாள். இன்று இன்சுலின் போட்டுக்கொண்டு பள்ளிக்குச் செல்கிறாள்.

அந்த இளைஞர்மீது எனக்குப் புகார் இல்லை. கற்றுக்கொடுத்ததை அவர் ஒழுங்காகச் செய்தார். நீண்ட பணிநேரத்துக்கு நடுவே, விபத்தையும் பிரசவத்தையும் பாம்புக்கடியையும் மாறி மாறிப் பார்க்கும் ஒருவருக்கு, எதைப் பார்த்தால் எதைச் சோதிக்க வேண்டும் என்று தெளிவாக எழுதித் தருவது உங்கள் கடமை. நினைவிழந்தவருக்கு மட்டும் சர்க்கரை பார் என்று எழுதிக் கொடுத்திருந்தால், அவர் நினைவிழந்தவருக்கு மட்டும்தான் பார்ப்பார்.

இந்த நெறிமுறை எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரிகிறது. சர்க்கரை தாழ்ந்தால் மனிதர் திடீரென்று வியர்த்து, குழம்பி, மயங்கி விழுகிறார். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினால் சில நிமிடங்களில் எழுந்து உட்காருகிறார். ஊர்தியிலேயே காரணம் தெரிந்து ஊர்தியிலேயே தீர்ந்துவிடும் நிலை என்பதால், குளுக்கோமீட்டர் அதற்கென்றே வண்டியில் வைக்கப்பட்டது. ஆனால் கீட்டோ அமில நிலை அப்படி வருவதில்லை. பல மணி நேரமாகவோ சில நாள்களாகவோ மெல்ல ஏறி வருகிறது. இன்சுலின் இல்லாததால் உடல் சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் கொழுப்பை உடைக்கிறது. அதில் பிறக்கும் கீட்டோன்கள் இரத்தத்தை அமிலமாக்குகின்றன. மிகுந்த சர்க்கரை சிறுநீரோடு நீரையும் உப்புகளையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. அமிலத்தைக் குறைக்க உடலுக்கு உடனடியாகக் கிடைக்கும் முக்கிய வழி, கரியமில வாயுவை வேகமாக வெளியேற்றுவது. அந்த ஆழ்ந்த மூச்சை ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மௌல் 1874-இலேயே பதிவுசெய்து, அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. மயக்கம் இந்த வரிசையின் கடைசியில் வருவது; பலருக்கு அது வருவதேயில்லை. வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல், அடங்காத தாகம், சோர்வு ஆகியவையே முதலில் வருகின்றன. மயக்கத்துக்காகக் காத்திருக்கும் நெறிமுறை, நோய் முற்றுவதற்காகவே காத்திருக்கிறது.

இந்தக் குறிகள் ஒவ்வொன்றும் வேறொரு நோயின் பெயரில் கழிந்துபோவதை, எங்களைப் போன்ற பெற்றோருடன் பழகத் தொடங்கிய பிறகு மீண்டும் மீண்டும் கேட்கிறேன். வாந்தி என்றால் உணவு ஒவ்வாமை. வயிற்று வலி என்றால் குடல்வால் அழற்சி. ஒரு சிறுவனை அறுவைச் சிகிச்சைக்கே ஆயத்தப்படுத்திவிட்டார்கள். மூச்சு என்றால் ஆஸ்துமா. வயதுக்கு வந்த பெண் என்றால், தேர்வுப் பயம். அப்படி ஒரு மாணவியைக் காகித உறைக்குள் மூச்சுவிடச் சொல்லியிருக்கிறார்கள். அமிலத்தை வெளியேற்ற உடல் படாதபாடு படும்போது, வெளியேறிய வாயுவை மறுபடி உள்ளிழுக்க வைக்கும் அந்தச் செயல் எவ்வளவு ஆபத்தானது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பெரியவர்களிடம் இப்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகளை எடுத்துக்கொள்பவர்களுக்கு, இரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே கீட்டோ அமில நிலை வரலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2015-இலேயே எச்சரித்தது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை தரும் நல்ல மருந்துகள் அவை. காப்புரிமை முடிந்து விலை சரிந்த பிறகு நம் ஊர்களில் ஏராளமானோர் அவற்றை உட்கொள்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் காய்ச்சலும் வாந்தியுமாகச் சாப்பிடாமல் கிடந்தார். மாத்திரையை மட்டும் விடவில்லை. அவருக்குச் சர்க்கரை பார்த்தார்கள். இருநூறைக்கூட எட்டவில்லை என்பதால் சர்க்கரையால் வந்த தொல்லை அல்ல என்று முடிவுசெய்துவிட்டார்கள். அமெரிக்க, ஐரோப்பிய நீரிழிவு அமைப்புகள் 2024-இல் இணைந்து வெளியிட்ட கருத்தறிக்கை, இந்நோயை அறிய வேண்டிய சர்க்கரை வரம்பை 250-இலிருந்து 200-ஆகக் குறைத்தது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர் என்றால் அந்த எண்ணையே பார்க்க வேண்டியதில்லை, கீட்டோனையும் அமிலத்தையும் பாருங்கள் என்றும் சொன்னது. ஆகவே ஊர்தியில் வருபவர் மாத்திரை உறையைக் கேட்டு வாங்கிப் பார்க்கக் கற்றிருக்க வேண்டும். கீட்டோன் சோதிக்கும் பட்டைகளும் அவர் பெட்டியில் இருக்க வேண்டும்.

கண்டறிந்த பிறகு ஊர்தியில் என்ன செய்ய முடியும், எப்படியும் இன்சுலின் மருத்துவமனையில்தானே கொடுப்பார்கள் என்று என்னிடம் நேரில் ஓர் அலுவலர் கேட்டார். நியாயமான கேள்வி என்பதால் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

இன்சுலினை ஊர்தியில் கொடுக்கக் கூடாது என்பதே முதல் பதில். இந்நோயில் உடல் ஏராளமான பொட்டாசியத்தை இழந்திருக்கும். இன்சுலின் செலுத்தியதும் எஞ்சியிருக்கும் பொட்டாசியமும் உயிரணுக்களுக்குள் போய்விடும். இரத்தத்தில் அதன் அளவு சரிந்தால் இதயத் துடிப்பு தடம் மாறும். பொட்டாசியத்தை அளக்காமல் இன்சுலின் தொடங்கக் கூடாது என்பது மருத்துவமனைக்கே உரிய விதி. பதற்றத்தில் வீட்டார், பிரிட்ஜில் இருக்கும் இன்சுலினை எடுத்து நீட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்லவும், ஏன் வேண்டாம் என்று விளக்கவும் உதவியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் மருந்து நீர். பெரியவர் ஒருவர் இந்நிலைக்கு வரும்போது ஏறத்தாழ ஆறு லிட்டர் திரவத்தை இழந்திருக்கலாம். சாதாரண உப்புக் கரைசலை முதல் ஒரு மணி நேரத்தில் அரை முதல் ஒரு லிட்டர் வரை ஏற்றலாம். இதயமோ சிறுநீரகமோ பழுதடைந்தவர்களுக்கு மட்டும் அளவைக் குறைத்து, மருத்துவரைக் கேட்டுச் செய்ய வேண்டும். அந்தக் கரைசல் ஒவ்வோர் ஊர்தியிலும் ஏற்கெனவே தொங்குகிறது. அதற்குப் பதிலாகக் குளுக்கோஸ் கலந்த பாட்டிலைத் தொடக்கத்திலேயே மாட்டக் கூடாது என்ற ஒரு வரி மட்டும் பயிற்சியில் இருந்திருந்தால்கூட எத்தனையோ பேருக்கு நன்மையாக இருந்திருக்கும்.

குழந்தைகள் விஷயத்தில் அச்சம் ஒன்று உண்டு. இந்நோய் வந்த குழந்தைகளில் நூற்றுக்கு ஒருவருக்கோ அதற்கும் குறைவானவருக்கோ மூளை வீங்கலாம். அப்படி வீங்கினால் உயிரிழப்பும் ஊனமும் மிகுதி. வேகமாகத் திரவம் ஏற்றுவதுதான் காரணம் என்று நெடுங்காலம் கருதி, பலர் திரவம் ஏற்றவே தயங்கினார்கள். அமெரிக்காவில் 13 மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் 1,255 குழந்தைகளிடம் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வு, திரவத்தை வேகமாக ஏற்றியவர்களுக்கும் மெதுவாக ஏற்றியவர்களுக்கும் மூளைப் பாதிப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று காட்டியது. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 மில்லி என்ற கணக்கில் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஏற்றுவது இன்று ஏற்கப்பட்ட தொடக்கம்; இரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலைக்குப் போன குழந்தைக்கு 20 மில்லி வரை உடனே தேவைப்படும். எடையைக் கேட்டு, அளவைக் கணக்கிட்டு, ஏற்றியதைக் குறித்து வைத்தால் ஊர்தியில் இதைப் பத்திரமாகச் செய்யலாம். தலைவலி, எரிச்சல், பேச்சுக் குழறல், நாடி மெதுவாதல் ஆகியவை தோன்றினால் மூளை வீக்கம் என்று உணர்ந்து, தலைப்பக்கத்தை உயர்த்தி, மருத்துவமனைக்கு உடனே சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. வேகமாக மூச்சு வாங்குகிறார் என்பதற்காக இவர்களை மருந்து கொடுத்து உறங்க வைப்பதும், தொண்டை வழியே குழாய் இட்டுச் சாதாரண வேகத்தில் மூச்சு கொடுப்பதும் அமிலத்தைச் சடுதியில் கூட்டிவிடும். உயர்நிலை உயிர்காப்பு ஊர்திகளில் இருப்பவர்களுக்கு இது குறிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். வெளிவிடும் மூச்சில் கரியமில வாயுவை அளக்கும் கருவி அந்த வண்டிகளில் இருந்தால், நுரையீரல் தெளிவாக இருந்தும் அந்த அளவு வெகுவாகத் தாழ்ந்திருப்பதே ஒரு துப்பு. இதய மின்வரைவு எடுத்தால் பொட்டாசியக் கோளாறும் தெரியவரும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, எங்கே கொண்டுபோகிறோம் என்பது. மூச்சுத்திணறல் என்று எழுதியதால் பக்கத்து மருத்துவமனைக்குப் போனோம். கீட்டோ அமில நிலை என்று எழுதியிருந்தால், இரத்த வாயுப் பரிசோதனையும் தீவிர சிகிச்சைப் பிரிவும் இருக்கும் இடத்துக்கு நேராகப் போயிருப்போம். அங்கே எங்களுக்காக ஒரு படுக்கை காத்திருந்திருக்கும். கொல்லிமலையிலிருந்தோ ஜவ்வாது மலையிலிருந்தோ இறங்கி வரும் குழந்தைக்கு இந்த வேறுபாடு இன்னும் பல மணி நேரமாக நீளும்.

இப்படிச் செய்ய நமக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. மாரடைப்பு வந்தவரின் மின்வரைவை எடுத்து, எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று வழியிலேயே முடிவுசெய்யும் ஏற்பாட்டைச் சோதித்துப் பார்த்து, அதன் பலனை உலக மருத்துவ இதழ்களில் வெளியிட்ட மாநிலம் இது. விபத்திலும் பக்கவாதத்திலும் முன்னறிவிப்பு கொடுத்து நோயாளியை ஒப்படைக்கும் முறை, தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தின் வழியாக அரசு மருத்துவமனைகளுக்குப் பழகிப்போன ஒன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை நோயாளியின் வீட்டுக்கே மாத்திரை போய்ச் சேருகிறது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி, தமிழ்நாட்டில் இருபது வயதை எட்டியவர்களில் 14.4 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளிகள். இத்தனை பேர் வாழும் மாநிலத்தில், உயிருக்குப் போராடும் வேளையில் வீடு தேடி வரும் ஊர்தி சர்க்கரை பார்க்காமல் திரும்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. அறிகுறிகளை முன்கூட்டியே பரப்பினால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. இத்தாலியின் பார்மா மாகாணத்தில் 1991 முதல் பள்ளிகளிலும் குழந்தை மருத்துவர்களிடமும் எளிய சுவரொட்டிகளை ஒட்டினார்கள். புதிதாக நோய் கண்டறியப்பட்ட குழந்தைகளில் கீட்டோ அமில நிலையில் வந்தவர்கள் 78 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைந்தார்கள்.

செலவைக் காரணமாகக் காட்ட வேண்டாம். குளுக்கோமீட்டர் வண்டியில் இருக்கிறது. ஸ்டிரிப் ஒன்று கடையிலேயே இருபது ரூபாயை ஒட்டித்தான் விற்கிறது. மொத்தமாக வாங்கும் அரசுக்கு அதுவும் ஆகாது. வெயிலில் நிற்கும் வண்டியில் ஸ்டிரிப் கெட்டுப்போகும் என்பது உண்மையான கவலைதான். அதற்கு வேண்டியது காலாவதித் தேதியையும் வைக்கும் இடத்தின் வெப்பத்தையும் கவனிக்கும் ஒழுங்கு.

எனவே உங்களிடம் நான் கேட்பவை இவை. 'மயக்கம்' என்ற பிரிவைக் காட்டி என் மனுவை முடித்துவைத்த பதிலைத் திரும்பப் பெற்று, கீட்டோ அமில நிலைக்கென்று தனி நெறிமுறையை உட்சுரப்பியல், குழந்தை மருத்துவம், அவசர மருத்துவம் ஆகிய துறைகளின் வல்லுநர்களைக் கொண்டு தமிழில் எழுதி வெளியிடுங்கள். நினைவு இருக்கிறதோ இல்லையோ, வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல், காரணம் தெரியாத சோர்வு ஆகியவற்றோடு வரும் குழந்தை, பெரியவர் எல்லோருக்கும் ஊர்தி புறப்படும் முன்பே சர்க்கரை பார்ப்பதைக் கட்டாயமாக்குங்கள். பார்க்காவிட்டால் காரணத்தை எழுத வேண்டும் என்று படிவத்தில் ஒரு கட்டம் சேருங்கள். 'எச்.ஐ.' என்று வந்தால் அதுவே அவசர நிலை, கருவியின் பழுது அல்ல என்று ஒவ்வொரு கருவியின் மேலும் ஒட்டுங்கள். ஊர்திகளில் கீட்டோன் பட்டைகளை வையுங்கள். இரத்தக் கீட்டோன் கருவியை எல்லா வண்டிகளுக்கும் உடனே தர இயலாது என்றால், மலைப்பகுதிகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தொலைவான வட்டங்களிலும் தொடங்குங்கள்.

அழைப்பை ஏற்பவர், "சர்க்கரை நோய் உண்டா? இன்சுலின் விட்டுப்போனதா? கொஞ்ச நாளாக அதிகம் தண்ணீர் குடிக்கிறாரா?" என்று கேட்கட்டும். தொலைபேசியில் வழிகாட்டும் மருத்துவர் சர்க்கரை அளவைக் கேட்காமல் ஆலோசனையை முடிக்கக் கூடாது என்று விதியுங்கள். தீவிர சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுசெல்லவும் முன்னறிவிப்பு தரவும் உதவியாளருக்கு அதிகாரம் கொடுங்கள்; பக்கத்து மருத்துவமனையைத் தாண்டிப் போனதற்காக அவரிடம் விளக்கம் கேட்கும் நிலை வரக் கூடாது. அடுத்த புத்தாக்கப் பயிற்சியிலேயே இந்தப் பாடத்தைச் சேருங்கள். அந்த வகுப்பில் வந்து பேச எங்களைப் போன்ற பெற்றோர் ஆயத்தமாக இருக்கிறோம். கீட்டோ அமில நிலையில் அரசு மருத்துவமனைகளில் சேர்க்கப்படுவோரில் எத்தனை பேர் ஊர்தியில் வந்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு ஊர்தியிலேயே சர்க்கரை பார்க்கப்பட்டது என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுங்கள்.

இந்த மடலுக்கு எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். அதில் மேற்கண்ட கோரிக்கைகளில் எவற்றை ஏற்கிறீர்கள், எந்தத் தேதிக்குள் நிறைவேற்றுவீர்கள், எவற்றை ஏற்க முடியாது, அதற்கான மருத்துவக் காரணம் என்ன என்பவை தனித்தனியே குறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முதல் வகை நீரிழிவுள்ள ஒரு சிறுமியின் தாய்